தேடும் நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது?

வேலை தேடுவதற்குப் பணம் வேண்டும். வேலை போனவரிடம் இல்லாதது அதுதான். சூரமங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேலம் ஜங்ஷன் இருப்பது இங்கேதான். இங்கே வண்டி ஏறினால் ஒரு பக்கம் ஈரோடு, திருப்பூர், கோவை. இன்னொரு பக்கம் தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு. மற்றொரு பக்கம் சென்னை. மாதச் சம்பள வேலைகளில் பெரும்பகுதி அந்த ஊர்களில் இருக்கிறது, தேடுகிறவர் இந்த ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு நேர்காணலுக்கும் போகவரக் கட்டணம், வெளியூர்ச் சாப்பாடு, சான்றிதழ் நகல்கள், இருட்டிவிட்டால் அறை வாடகை, அன்றைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒருநாள் கூலி என்று எல்லாம் கைக்காசு. 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றன. மறுபடி ஓடத் தொடங்கியபோது ‘சிறப்பு ரயில்’ என்ற பெயரில், முன்பதிவு செய்தவர்களுக்காக ஓடின. முன்பதிவில்லாப் பெட்டிகள் பழையபடி திரும்ப ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பாசஞ்சர் வண்டியில் 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாகி, 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலைக்கு வந்தது. வேலை தேடுவோர் கூட்டம் பெருகியிருந்த அதே நாட்களில், பக்கத்து ஊருக்குப் போய் விசாரித்து வரும் செலவு மூன்று மடங்கானது. இது யார் கணக்கிலும் ஏறவில்லை.

கொரோனாவில் வேலை இழந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் இழப்பைப் பற்றியே பேசுகிறோம்; இழப்புக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் கிடந்த மாதங்களைப் பற்றிப் பேசுவதில்லை. என் வாதம் அந்த மாதங்களைப் பற்றியது. அவற்றைக் கடக்கும் செலவு முழுவதையும் வேலை போனவரின் தலையிலேயே கட்டிவிட்டோம். அதனால் அவரால் தகுந்த வேலை கிடைக்கும்வரை தேட முடியவில்லை. கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்ததைக் காட்டி, அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டோம். இதில் நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் ஒரு கை கற்ற வேலையை ஊர் இழந்திருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். முழு ஊரடங்கு நடப்பில் இருந்த 2020 ஏப்ரலில் நாட்டின் வேலையின்மை விகிதம் 23 விழுக்காட்டைத் தாண்டியது என்று சி.எம்.ஐ.இ. நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும், அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நகர்ப்புற வேலையின்மை ஏறத்தாழ 21 விழுக்காடு என்றது. அதே அரசுக் கணக்கெடுப்பின் ஆண்டு அறிக்கையைத் திறந்தால் வேறொரு உலகம் தெரியும். 2019-20இல் 4.8 விழுக்காடாக இருந்த வேலையின்மை, இரண்டாம் அலை வந்து போன 2020-21இல் 4.2 ஆகக் குறைந்திருக்கிறது! இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஆண்டுக் கணக்கின் அளவுகோல்படி, ஓராண்டில் 30 நாள் ஏதாவது துணைவேலை செய்திருந்தாலும் ஒருவர் வேலையில் இருப்பவர்தான். அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும், மாமனார் காட்டில் மரவள்ளிக்குக் களை எடுத்தாலும் அவர் வேலையில் இருப்பவரே. நாட்டின் உழைப்பாளர்களில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடு, 2020-21இல் 46.5. பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த பங்கு அது. மண் திடீரென்று லாபம் கொழிக்கத் தொடங்கியதால் அவர்கள் அங்கே திரும்பவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் வேலையில்லாமல் இருப்பது வெளியே தெரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வீட்டுக்குள்ளேயே தொழில் இருக்கிறது. சிவதாபுரத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். ஊர் ஊராக ஜவ்வரிசி ஆலைகள். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை போய்த் திரும்பி வந்தவரை இந்தத் தொழில்களில் ஏதோ ஒன்று அரைக்கூலிக்காவது ஏற்றுக்கொள்ளும். இதை ஊரின் பெருமை என்று சொல்வோர் உண்டு, பாதி உண்மை. மீதிப் பாதியைத் தறிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தறிக்கு ஆள் சேரும்போது கைநீட்டி வாங்கும் அட்வான்ஸ், அடைக்கும்வரை வேறு இடம் போக விடாது. வேலை தேடும் காலத்தில் வீட்டு வாடகைக்காக வாங்கிய அட்வான்ஸே தேடலுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர் கொலுசுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தால், கணக்கெடுப்பில் ஒரு வேலை கூடுகிறது. அவருடைய பயோடேட்டாவில் ஓர் இடைவெளி விழுகிறது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட தொழிலாளர் நிலை அறிக்கை இந்தச் சறுக்கலை நாடு தழுவிய அளவில் காட்டியது. கொரோனாவுக்கு முன் முறையான மாதச் சம்பளத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 2020 முடிவதற்குள் முறைசாரா வேலைக்கு நகர்ந்திருந்தார்கள். அவர்களில் அதிகம் பேர் சுயதொழில், சிலர் தினக்கூலி, சிலர் எழுத்துப்பூர்வமான எதுவும் இல்லாத சம்பள வேலை. சுயதொழில் என்று எழுதினால் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரடங்கு நடுவில் தொடங்கிய சுயதொழிலில் எத்தனை, முதலீடு போட்டுத் திட்டமிட்டுத் தொடங்கியவை? பெண்களின் நிலையை அந்த அறிக்கை தனியாகப் பிரித்துக் காட்டியது. வேலையிலிருந்த ஆண்களில் 7 விழுக்காட்டினர் வேலையை இழந்து 2020 முடிவுவரை திரும்பவில்லை. பெண்களில் அது 47 விழுக்காடு. பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது, ஆணின் தேடலுக்காவது குடும்பம் கொஞ்சம் ஒதுக்கியது. பெண்ணின் தேடலுக்கு ஒதுக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அவர் தேடுவதையே நிறுத்தினார். தேடுவதை நிறுத்தியவர் வேலையில்லாதோர் பட்டியலிலும் வரமாட்டார். அவர் பெயர் ‘குடும்பப் பொறுப்பில் இருப்பவர்’.

தேடல் நீள நீள அதுவே ஒரு குற்றப்பத்திரிகையாகவும் மாறுகிறது. அமெரிக்காவில் மூன்று பொருளாதார அறிஞர்கள், வேலையில்லாக் காலத்தை மட்டும் மாற்றி மாற்றி எழுதிய கற்பனை விண்ணப்பங்களை ஆயிரக்கணக்கில் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட நேர்காணல் அழைப்பு குறைந்தது. முதல் எட்டு மாதத்திலேயே சரிவின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. தகுதி மாறவில்லை, தேதிகள் மட்டுமே மாறியிருந்தன. நம் ஊர் நேர்காணல் அறைகளில் இதற்கு ஒரே கேள்வி: “ஏன் இவ்வளவு கேப்?” ஊரடங்கில் மூடிய கம்பெனி ரிலீவிங் லெட்டரோ எக்ஸ்பீரியன்ஸ் சான்றிதழோ கொடுக்காமல் போயிருந்தால் அந்தக் கேள்விக்குக் காட்டக் காகிதமும் இல்லை. ஆள் தேவை விளம்பரங்களில் வயது 35க்குள் என்று போட்டுவிடுகிறார்கள். 2020இல் 38 வயதில் வேலை இழந்தவர் தேடத் தொடங்கும் முன்பே அந்த வரியைத் தாண்டியிருந்தார். நாட்கள் சும்மா கிடைத்தால் மனிதர் அவற்றைப் பயன்படுத்தி முன்னேறுவார் என்பதும் நடப்பதில்லை. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஆலைக் கிராமத்தில் 1930 வாக்கில் நெசவு ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. அங்கே போய்த் தங்கிய ஆய்வாளர்கள் 1933இல் எழுதிய நூலில் ஒரு செய்தி இருக்கிறது: நூலகக் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும், படிக்க நேரம் குவிந்து கிடந்த போதும், இரவல் போன புத்தகங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. ஆலையை நம்பி வாழும் ஊர்க்காரர்களுக்கு அந்த நடை புரியும்.

இனி, நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. வேலையில்லாதோர் உதவித்தொகை என்று தமிழக அரசு கொடுப்பது, பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலை முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும், அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். தொகை அற்பம் என்பது எல்லோரும் சொல்லும் குறை. நான் சொல்ல வருவது வேறு. இந்தத் திட்டம் படித்து முடித்து வேலையே கிடைக்காதவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. பத்து வருடம் வேலை பார்த்து நேற்று இழந்தவர் அதன் கண்ணில் படவே மாட்டார். மத்திய அரசின் பக்கம் இ.எஸ்.ஐ.யின் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் உண்டு. 2018 ஜூலையில் வந்தது. சராசரிக் கூலியில் 25 விழுக்காடு, 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை. கொரோனாவை ஒட்டி அதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். முதலாளியின் கையெழுத்துக்கு அலையாமல் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் மாற்றினார்கள். நல்ல மாற்றங்கள். 40 லட்சம் பேர் பயனடைவார்கள் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. பணம் வாங்கியவர்கள் அதில் மிகச் சிறு பங்கு. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவர் இ.எஸ்.ஐ.க்கு வெளியே, சந்தா சரியாகக் கட்டாத ஒப்பந்தக்காரரிடம் இருந்தவர் உள்ளே இருந்தும் வெளியே. மிஞ்சியது பி.எஃப். 2020 மார்ச் இறுதியில் மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அதாவது, தேடும் காலத்துக்கான கூலியைத் தொழிலாளி தன் முதுமையிடமிருந்து கடன் வாங்கினார். திருப்பிக் கட்டத் தேவையில்லாத கடன் என்று அதற்குப் பெயர் வைத்தது ஒரு வேடிக்கை.

காலம் பறிபோனது அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் தமிழக அரசு, கொரோனாவால் தேர்வுகள் தள்ளிப்போனதைக் காரணம் காட்டி, அரசுப் பணி நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை இரண்டு ஆண்டுகள் உயர்த்தி 32 ஆக்கியது. சரியான முடிவு. அரசு வேலைக்குக் காத்திருந்தவருக்குத் திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு ஆண்டுகளைத் தனியார் வேலையை இழந்தவருக்கு வேறு எந்த வடிவத்திலாவது கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

மறுப்புகள் உண்டு என்பது தெரியும். முதலாவது, எல்லோரும் உடனே சொல்வது: வீட்டில் உட்கார்ந்திருக்கப் பணம் கொடுத்தால் எவன் வேலை தேடுவான்? நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வாழும் மலேசியாவைப் பார்க்கலாம். அங்கே வேலைவாய்ப்புக் காப்பீட்டுத் திட்டம் நம் அடல் திட்டம் பிறந்த அதே 2018இல் தொடங்கியது. முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு சந்தா. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. உட்கார்ந்து தின்னத் தொகை போதாது. ஓடித் தேடப் போதும். சோம்பேறித்தனத்துக்கு மருந்தும் உள்ளேயே இருக்கிறது: சீக்கிரம் வேலையில் சேர்ந்துவிட்டால், மீதமிருக்கும் உதவியில் கால் பங்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வகைத் திட்டங்கள் தேடலைச் சில வாரங்கள் நீட்டுகின்றன என்று பிற நாட்டு ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் நான் கேட்பதே அதைத்தான். மூன்றாவது நாளே தறிக்குப் போய்விடாமல் மூன்று மாதம் தேடி, கற்ற தொழிலிலேயே சேருவதற்கான அவகாசம் வேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வேலையில் இருந்தபடியே வேறு வேலை தேடி, நோட்டீஸ் காலத்தையும் முடித்து, நிதானமாக மாறினால் அவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். அதே நிதானத்தை வேலை போனவர் கேட்டால் சோம்பேறியா?

இரண்டாவது, பணம் எங்கே? இ.எஸ்.ஐ.க்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து சம்பளத்தில் 6.5 விழுக்காடு கட்டிவந்தார்கள். 2019 ஜூலையில் அதை 4 விழுக்காடாகக் குறைத்தது அரசு. மலேசியா வசூலிப்பது மொத்தம் 0.4 விழுக்காடு. 20,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 80 ரூபாய், அதில் தொழிலாளியின் பங்கு 40. நம் நாட்டில் வேலையிழப்பு அங்கிருப்பதைவிட அடிக்கடி நேர்வது, ஆகவே இரட்டிப்பாகக் கட்ட வேண்டிவரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 2019க்கு முன் கட்டிய அளவில் பாதி தூரம்கூடத் திரும்பப் போக வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக முதலாளி 15 நாள் சம்பளத்தை மறுதிறன் நிதியில் கட்ட வேண்டும், அது தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும் என்கிறது. கொள்கை அளவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. பதினைந்து நாள் சம்பளத்தில் எந்தத் திறனை மீட்பது, எத்தனை நேர்காணலுக்குப் போவது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இந்த மண்ணுக்கே உரியது, அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும். கொரோனா முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. பட்டறைக்கும் பண்ணைக்கும் ஆளே கிடைக்காமல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கூட்டிவருகிறோம். கருப்பூரில் டைடல் நியோ பூங்காவும் வந்துவிட்டது. இன்னும் என்ன வேலை தேடல் என்று தொழில் நடத்துவோர் கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆள் பற்றாக்குறை நிஜம். ஆனால் அது எந்த வேலைக்கான பற்றாக்குறை? வளாகத்துக்குள்ளேயே தங்கி, பன்னிரண்டு மணி நேரம் நின்று, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வரும் இளைஞருக்கான வேலை அது. இரண்டு பிள்ளைகளைச் சூரமங்கலத்துப் பள்ளியில் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் 44 வயதுக்காரருக்கும் அந்த வேலைக்கும் பொருத்தமில்லை. தகவல் தொழில்நுட்பக் கட்டடமும் புதிதாகப் படித்து முடித்தவரைத்தான் முதலில் கூப்பிடும். ‘கொரோனா முடிந்துவிட்டது’ என்பதற்கும் எண்ணே பதில் சொல்கிறது. விவசாயத்தில் இருப்போர் பங்கு 2023-24இலும் 46.1 விழுக்காடு. அவசரத்துக்கு இறங்கியவர்களில் பலர் இன்னும் மேலே ஏறவில்லை. திறன் பயிற்சி கொடுத்தால் போதும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். பயிற்சி நடக்கும் மூன்று மாதத்துக்கு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று சொல்லாத பயிற்சித் திட்டம், அடுப்புக்குக் கவலையில்லாத வீட்டுப் பிள்ளைக்கே பயன்படும்.

கடைசி மறுப்புதான் என்னை உண்மையில் யோசிக்க வைக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தானே காப்பீடு? பெயரே இல்லாத கொலுசுத் தொழிலாளிக்கும் தறிக்காரருக்கும் என்ன கிடைக்கும்? நியாயமான கேள்வி. காப்பீடு மட்டும் அவர்களைத் தொடாது. அதற்கு வேறு கருவி வேண்டும், அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. விசைத்தறித் தொழிலாளருக்கும் பொற்கொல்லருக்கும் தனித்தனி நலவாரியங்கள் உண்டு. ஊரடங்கில் வாரியங்களில் பதிவு செய்தவர்களுக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தபோது அந்தப் பதிவேடுகள்தான் கைகொடுத்தன. 2020இல் அரசு அமைத்த சி.ரங்கராஜன் குழு, கிராமங்களின் நூறு நாள் வேலையைப்போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் முன்னோட்டமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தில் நூறு நாள் வேலைத் திட்டம் 2020-21இல் நாடு முழுவதும் 389 கோடி மனித நாட்கள் வேலை கொடுத்துப் பலரைத் தாங்கிப் பிடித்தது. சூரமங்கலம் மாநகராட்சியின் ஒரு மண்டலம். இங்கே வேலை போனவருக்கு அப்படி மண்வெட்டி எடுக்கும் உரிமைகூட இல்லை. முன்னோட்டம் என்று தொடங்கிய நகரத் திட்டத்தை மாநகராட்சிகள் முழுமைக்கும் உரிமையாக விரித்தால், பட்டியலில் இல்லாதவருக்கும் அடுத்த நல்ல வேலை வரும்வரை காலூன்ற ஓர் இடம் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. திட்டத்தை மாற்ற வேண்டியது டெல்லி. ‘வாழ்நாளில் ஒரு முறை’ என்ற விதியை எடுத்துவிட்டு, 90 நாளை ஆறு மாதமாக நீட்டுவதற்கு நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்கட்டும். அதற்குக் காத்திராமல் சென்னையில் உட்கார்ந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கான ஐந்தாண்டுக் காத்திருப்பை, பி.எஃப். அல்லது இ.எஸ்.ஐ. பதிவைக் காட்டி வேலை இழந்ததை நிரூபிப்பவருக்கு ரத்து செய்ய வேண்டும். அவருக்கு ஆறு மாதமாவது பேருந்துக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் பொருந்தும் தொகையைக் கொடுக்க வேண்டும். புதிய அலுவலகமோ புதிய வாரியமோ இதற்குத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் சேலம், நாமக்கல் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.